அங்கோரின் கற்களும் நமது பார்வையும்

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. குடும்பத்துடன் கம்போடியா சென்று அங்கோர் கோயில்களைச் சுற்றிப் பார்த்து வர எண்ணம். மார்க்கத்தில் இது கூடுமா, கூடாதா? இப்படியொரு கேள்வி இன்று நம் வீடுகளில் எழுகிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பிழைப்பை அமைத்துக் கொண்ட நம்மவர்களுக்கு அது இரண்டு மணி நேர விமானப் பயணம். ஊரிலிருந்து போகிறவர்களும் உண்டு. கேள்வி எழுகிறதே, அதற்காகவே அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வேண்டும். கேளாமலே போய், கேளாமலே திரும்பி வந்து, புகைப்படங்களை உறவினருக்குக் காட்டி முடித்து விடுபவர்களும் இருக்கிறார்களே!

சட்டத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்து விடுவோம். பிற சமயத்தாரின் வணக்கத் தலங்களுக்குள் ஒரு முஸ்லிம் நுழைவது பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஹனஃபி நூல்களில் அது வெறுக்கத்தக்கது என்ற தீர்ப்பு காணப்படுகிறது. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) போன்றோர் அனுமதித்திருக்கிறார்கள். ஷாஃபியீ அறிஞர்கள், அவ்விடத்தாரின் அனுமதி உண்டா, உருவங்கள் இருக்கின்றனவா என்பதையெல்லாம் கவனித்துப் பேசுகிறார்கள். உருவங்கள் இருந்த காரணத்தால் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவ ஆலயங்களுக்குள் நுழைவதைத் தவிர்த்தார்கள் என்றும், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் உருவங்கள் இல்லாத ஆலயத்தில் தொழுதிருக்கிறார்கள் என்றும் புகாரி ஷரீஃபில் வருகிறது. ஹிஜ்ரி 7இல் நாயகம் (ஸல்) அவர்கள் உம்ரா செய்தபோது கஃபாவில் சிலைகள் இருக்கவே செய்தன. அவர்கள் தவாஃப் செய்தார்கள். ஆனால் கஃபாவின் உள்ளே நுழையவில்லை. மறு ஆண்டு மக்கா வெற்றியின்போது உருவங்கள் அகற்றப்பட்ட பின்னரே உள்ளே சென்றார்கள். இவற்றையெல்லாம் வைத்து அவரவர் மத்ஹபின்படி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். பிறர் வணக்கத்தில் பங்கு கொள்வது ஹராம் என்பதில் மட்டும் எந்த இமாமுக்கும் எவ்வித வேற்றுமையும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கோர் என்றால் பாழடைந்த கற்குவியல், அங்கே யாரும் வணங்குவதில்லை என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டிய அங்கோர் வாட், பின்னர் பௌத்தர்களின் தலமாகி, இன்றளவும் அப்படியே இருந்து வருகிறது. மேற்கு வாயில் மண்டபத்தில் எட்டுக் கைகளுடன் ஒரு பெரிய விஷ்ணு சிலை நிற்கிறது. அவ்வூர் மக்கள் அதற்கு மஞ்சள் துணி போர்த்தி, ஊதுவத்தி ஏற்றி, பூ வைத்துக் காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். உள்ளே பிக்குகள் அமர்ந்திருப்பார்கள். வருகிறவர்களின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டி வாழ்த்துவார்கள். உங்கள் பிள்ளையின் கையில் எவரேனும் ஒரு ஊதுவத்தியைக் கொடுக்கக் கூடும். "எல்லாம் பழைய காலத்துக் கலைதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று அசட்டையாகக் கை நீட்டிவிட்டால், தவ்ஹீதை வீட்டில் வருடக் கணக்காகச் சொல்லிக் கொடுத்த பெற்றோரே அதை ஒரு நிமிடத்தில் விளையாட்டாக்கி விட்டார்கள் என்று பொருள். கையை மார்பின் மேல் வைத்து, புன்முறுவலுடன் தலையசைத்து மறுத்து விடுங்கள். கெமர் மக்கள் மரியாதை அறிந்தவர்கள், வற்புறுத்த மாட்டார்கள். தெரியாமல் பிள்ளை கையில் நூல் கட்டப்பட்டு விட்டால், கட்டியவர் கண் முன்னேயே அதை அறுத்தெறிய வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் எடுத்து விடலாம்.

சட்டம் இவ்வளவோடு நின்று விடுகிறது. நுழையலாமா என்பதைக் கிதாபுகள் சொல்லும். நுழைந்த பின், அல்லது வெளியே நின்றவாறே, எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதுதான் கடினமான கேள்வி.

பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்றவர்களின் முடிவு எப்படி ஆயிற்று என்று பார்க்குமாறு திருமறை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஏவுகிறது. சுற்றுலா செல்லும் முஸ்லிம்கள் பலரும் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ஆனால் 'பார்' என்ற அந்த ஏவலை எப்படிச் செயலாக்குவது என்று செய்து காட்டிய ஒரு நிகழ்ச்சி ஹதீஸ்களில் இருக்கிறது. அதை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கி.பி. 630. தபூக்கை நோக்கிப் படை சென்று கொண்டிருந்தது. கடுமையான வெயில். வழியில் ஸமூது கூட்டத்தாரின் ஊரான ஹிஜ்ர் வந்தது. மலைகளைக் குடைந்து வீடுகள் செய்தவர்கள் அவர்கள். இன்று மதாயின் ஸாலிஹ் என்று நாம் அறிகிற இடம் அதுவே. தோழர்களில் சிலர் அங்கிருந்த கிணறுகளில் நீர் இறைத்து மாவு பிசைந்து விட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த நீரைக் கொட்டிவிடச் சொன்னார்கள். பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குத் தீனியாகக் கொடுக்கச் சொன்னார்கள். ஸாலிஹ் நபியின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் எடுத்துக் கொள்ளச் சொன்னார்கள். வேதனை இறங்கிய மக்களின் வசிப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழையாதீர்கள், அவர்களைப் பிடித்தது உங்களையும் பிடித்து விடலாகாது என்ற பொருளில் எச்சரித்தார்கள். பிறகு தமது தலையைப் போர்த்திக் கொண்டு, வாகனத்தை விரைவுபடுத்தி அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே! இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அந்த ஊரார் அல்லாஹ்வின் தண்டனைக்கு ஆளானவர்கள் என்பது வஹீ மூலம் உறுதியாகத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட இடத்திலும்கூட, "பாருங்கள், இவர்கள் கெட்டார்கள், நாம் நல்லவர்கள்" என்ற ஒரு சொல் நபிகளாரின் வாயிலிருந்து வரவில்லை. ஏளனம் இல்லை, வெற்றிக் களிப்பு இல்லை. அவர்கள் கேட்டது கண்ணீரை. அந்தக் கண்ணீரும் எவருக்காக? செத்துப் போனவர்களுக்காக என்பதைவிட, பார்த்துக் கொண்டு நிற்கும் நமக்காக. இதே கதி நமக்கும் நேர்ந்து விடுமோ என்ற அச்சத்தின் கண்ணீர் அது.

கெமர் மக்களைப் பற்றி நமக்கு எந்த வஹீயும் வரவில்லை. அவர்கள் நகரம் வீழ்ந்தது அல்லாஹ்வின் தண்டனை என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் கிடையாது. ஸமூதின் ஊரிலேயே அழச் சொன்ன மார்க்கம், அங்கோரில் சிரிக்க அனுமதிக்குமா?

சிரிக்கத்தான் செய்கிறார்கள். அதுவும் பக்தியின் பெயரால்! மூக்குடைந்த சிலையொன்றைக் காட்டி, "பார்த்தாயா தம்பி, தன்னையே காப்பாற்றிக் கொள்ளத் தெரியாத தெய்வம்" என்று தகப்பன் மகனுக்குச் சொல்வான். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் சிலைகளைப் பற்றித் தம் மக்களிடம் கேட்ட கேள்வி நமக்குத் தெரியும். தமது சொந்தத் தகப்பனிடத்தில், தமது சொந்தச் சமூகத்தாரிடத்தில், நெருப்புக் குண்டத்தைக் கண்ணெதிரே வைத்துக் கொண்டு அவர்கள் கேட்டார்கள். நுழைவுச் சீட்டு வாங்கிக் கொண்டு வந்து, எவருடைய மொழியும் தெரியாத ஊரில், தமிழில் கேலி பேசிவிட்டுப் போவதற்கும் அதற்கும் என்ன உறவு? பிறர் அழைக்கும் தெய்வங்களை ஏசுவதையே இறைமறை தடுத்திருக்கிறது. அப்பிள்ளை ஊர் திரும்பியதும் வேற்றுச் சமயத்துத் தோழனுடன் ஒரே பெஞ்சில் உட்காரப் போகிறவன். அங்கோரில் கற்ற இளப்பம் அந்தப் பெஞ்சுக்கும் அவனோடு வரும்.

அது மட்டுமல்ல, அந்த வாதமே பழுதுள்ளது. கட்டிடம் இடிந்தது கொள்கை பொய் என்பதற்கு அத்தாட்சி என்றால், 1236இல் குர்துபா வீழ்ந்து அதன் பெரும் பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டதே, அதற்கு என்ன சொல்வோம்? 1258இல் ஹுலாகுவின் படை பக்தாதைச் சூறையாடி, கலீஃபாவையும் கொன்று, நூலகங்களை அழித்ததே, அது எதற்கு அத்தாட்சி? அந்த ஆண்டுகளில் அங்கோர் இன்னும் பெருநகராகவே இருந்தது. 1296இல் அங்கு வந்து ஓராண்டளவு தங்கியிருந்த சீனத் தூதுக் குழுவினர் சௌ தாகுவான், பொன் கோபுரங்களையும் அரசனின் ஊர்வலத்தையும் வியந்து எழுதி வைத்தார். பக்தாத் சாம்பலாகி 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. இதை எந்தத் தகப்பனும் மகனுக்குச் சொல்வதில்லை.

அங்கோர் ஏன் வீழ்ந்தது? 1431இல் அயுத்தயாவின் சயாமியப் படை கைப்பற்றியது என்பது பாடப் புத்தகங்களில் உள்ள விடை. பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சிகளும் அவற்றுக்கிடையே பேய் மழைகளும் மாறி மாறி வந்து, நகரத்தின் நீர் ஏற்பாடுகளைச் சீர்குலைத்தன என்கிறார்கள். சாதாரண ஏற்பாடா அது! மேற்குப் பராய் எனப்படும் ஏரி ஒன்று மட்டும் 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அவ்வளவையும் மனிதன் கையால் கரை கட்டிச் செய்தான். மழையைத் தான் அடக்கி விட்டதாக எண்ணிய ஒரு நகரத்தை மழையே கைவிட்டது. இதைப் படிக்கும்போது எனக்கு விக்கிரகங்கள் நினைவுக்கு வரவில்லை. ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டிக் கொண்ட நமது ஊர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

கற்களில் பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது. 802ஆம் ஆண்டு குலேன் மலையில் இரண்டாம் ஜெயவர்மன் 'தேவராஜன்' என்ற சடங்கை நடத்தி ஆட்சியை நிலைநாட்டிக் கொண்டான் என்று 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அச்சடங்கின் சரியான பொருள் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியிருப்பினும், அரசனும் தெய்வமும் நெருங்கி நின்ற ஓர் ஆட்சி அது. ஃபிர்அவ்னை ஓதி வளர்ந்த நமக்கு இது புதிதன்று. அந்த நெருக்கத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை தா ப்ரோம் கோயிலின் கல்வெட்டு எழுத்தாலேயே சொல்கிறது. மரங்களின் வேர்கள் சுவரைக் கவ்வி நிற்கிறதே, எல்லோரும் போய்ப் படம் எடுத்துக் கொள்கிறார்களே, அதே கோயில்தான். 1186இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாகக் கட்டியது. அதை நடத்த 3,140 கிராமங்களும் 79,365 பேரும் ஒதுக்கப்பட்டிருந்தார்கள் என்றும், 615 நடனப் பெண்கள் இருந்தார்கள் என்றும் கணக்கு இருக்கிறது. ஒரு தாயின் நினைவுக்கு எண்பதாயிரம் பேரின் உழைப்பு! அவர்களில் ஒருவருடைய தாயின் பெயராவது அக்கல்லில் உண்டா? (இக்கல்வெட்டுகளின் எழுத்து நமது பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வளர்ந்தது. கடல் கடந்து போன நமது எழுத்து, அங்கே போய்க் கணக்கு எழுதியிருக்கிறது.)

ஆனால் அதே மன்னன் தன் நாடெங்கும் 102 மருத்துவமனைகளை நிறுவினான். குடிமக்களின் நோய் தன் நோயைவிடத் தனக்கு அதிக வேதனை தருகிறது என்ற கருத்தில் அவற்றின் கல்வெட்டில் எழுதி வைத்தான். நன்மையை எவர் செய்திருந்தாலும் அதை நன்மை என்று சொல்லத் தயங்கலாகாது. நபித்துவத்துக்கு முன் குறைஷிகள் அநீதிக்குள்ளானவருக்கு உதவச் செய்து கொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நாயகம் (ஸல்) அவர்கள் பின்னாளிலும் புகழ்ந்தே பேசியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேரும் சுவரும் காட்டும்போது இந்த 102ஐயும் சொல்லுங்கள்.

ஏழாம் ஜெயவர்மன் கோயில்கள் எழுப்பிக் கொண்டிருந்த அதே காலத்தில், மிஸ்ர் நாட்டில் ஒரு முஸ்லிம் அறிஞர் பழங்காலத்துக் கற்களுக்கு முன் நின்று கொண்டிருந்தார். மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி. பிரமிடுகளையும் ஸ்ஃபிங்ஸையும் சுற்றிப் பார்த்து, சிற்பியின் அளவு நுட்பத்தை மனம் விட்டுப் பாராட்டி எழுதினார். புதையல் தேடிப் பழஞ்சின்னங்களை உடைப்போரைக் கண்டித்தார். சுல்தான் ஸலாஹுத்தீனின் மகன் அல் அஜீஸ், பிறர் சொல் கேட்டுப் பிரமிடுகளை இடிக்கத் தொடங்கி, மாதக் கணக்கில் ஆட்களை வைத்து வேலை வாங்கியும், சிறிய பிரமிடில் ஒரு தழும்பை மட்டும் உண்டாக்கிவிட்டுக் கைவிட்டதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். எகிப்தை வென்ற ஸஹாபாக்கள் அவற்றைத் தொடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பல தெய்வ வணக்கத்தை ஏற்காத உள்ளம், அந்த வணக்கத்தார் விட்டுச் சென்றதைப் பொறுமையாகப் பார்க்க முடியும். அதிலிருந்து கற்கவும் முடியும். நமது முன்னோர்களில் அதற்கு முன்மாதிரிகள் உண்டு.

இனி, அங்கோரில் ஒரு முஸ்லிம் குடும்பம் கட்டாயம் போய் நிற்க வேண்டும் என்று நான் எண்ணும் ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன். வழிகாட்டிகள் அதைக் காட்டுவார்கள்; ஆனால் நமக்கு அது என்ன உறவு என்று சொல்ல மாட்டார்கள்.

கல் முகங்கள் நிறைந்த பாயோன் கோயிலின் தெற்கு வெளிச்சுவரில் ஒரு கடற்போர் போன்ற காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. நீண்ட படகுகள், துடுப்பு வலிப்போர், ஈட்டிகள், நீரில் விழுந்தவர்களைக் கவ்வும் முதலைகள். ஒரு தரப்பினர் தலையில் கவிழ்த்த பூப்போன்ற ஒரு கவசம் அணிந்திருக்கிறார்கள். அவர்கள் சாம்கள். இன்றைய வியத்நாமின் கடற்கரையில் இருந்த சம்பா நாட்டவர்கள். 1177இல் அவர்கள் அங்கோரைத் தாக்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அன்று சாம்களும் சிவனையும் புத்தரையும் வணங்கியவர்களே. நூற்றாண்டுகள் கடந்தன. வணிகர்கள் வழியாகவும் மலாய் மக்கள் வழியாகவும் இஸ்லாம் அவர்களிடம் சென்றது. 1471இல் அவர்களுடைய தலைநகர் விஜயா வியத்நாமியரிடம் வீழ்ந்தது. நாட்டை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக எங்கே சென்றார்கள் தெரியுமா? எந்தக் கெமர் மக்களோடு போரிட்டார்களோ அவர்களிடமே அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களும் இடம் கொடுத்தார்கள். ஆம், அந்தச் சுவரில் எதிரிகளாகச் செதுக்கப்பட்டிருப்பவர்களின் சந்ததியார்தாம் இன்று கம்போடியாவில் கலிமாச் சொல்லும் மக்களில் பெரும்பாலோர். 17ஆம் நூற்றாண்டில் ஒரு கெமர் மன்னரே இஸ்லாத்தைத் தழுவி இப்ராஹீம் என்ற பெயருடன் 1642 முதல் 1658 வரை ஆண்டார். இதைக் கேட்டு மார்தட்டிக் கொள்ள வேண்டாம். அவர் அரியணைக்கு வந்தது தம் உறவினரின் இரத்தத்தின் மீது நடந்து.

1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்தது. மூன்றாண்டு எட்டு மாதங்கள். பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன, சில பன்றித் தொழுவங்களாயின. குர்ஆன் பிரதிகள் பறிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. தொழுகைக்குத் தடை, நோன்புக்குத் தடை, சாம் மொழிக்கும் பெயர்களுக்கும் தடை. பெண்களின் முந்தானை பறிக்கப்பட்டு, கூந்தல் வெட்டப்பட்டது. பன்றி இறைச்சியைத் தின்னும்படி கட்டாயப்படுத்தினார்கள், மறுத்தவர்களைக் கொன்றார்கள். மீகாங் ஆற்றங்கரையில் கோ பால், ஸ்வாய் க்ளியாங் என்ற இரு சாம் ஊர்களின் மக்கள் 1975இலேயே வாளும் கத்தியும் ஏந்தி எதிர்த்து நின்று அழிந்தார்கள். எத்தனை சாம்கள் மாண்டனர்? 90,000 என்று கணக்கிட்டவர் உண்டு. அதைப் போல் நான்கைந்து மடங்கு என்போரும் உண்டு. அதே ஆட்சி பௌத்த பிக்குகளின் காவி உடையைக் களைந்தது, விகாரைகளைப் பாழாக்கியது, இலட்சக்கணக்கான கெமர் மக்களைப் பட்டினியாலும் கோடரியாலும் கொன்றது. 2018இல் பன்னாட்டு உதவியுடன் அமைந்த நீதிமன்றம், சாம்களுக்கு இழைக்கப்பட்டது இனப்படுகொலையே என்று கூறி, அந்த ஆட்சியில் இரண்டாம் இடத்தில் இருந்த நுவான் சியாவைக் குற்றவாளியென்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடியுமுன் மறு ஆண்டு அவர் இறந்து போனார்.

அந்த ஆட்சி தன் கொடியில் எந்தச் சின்னத்தைப் பொறித்திருந்தது? அங்கோர் வாட்டின் மூன்று கோபுரங்களை! முன்னோரின் கல்லைக் காட்டியே உயிரோடிருந்த மக்களைக் கொன்றார்கள். கல்லின் மீது கொண்ட பெருமை இன்றும் இரத்தம் கேட்கிறது. எல்லையிலுள்ள ப்ரியா விஹேர் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று 1962இலேயே சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், அதன் பேராலும் அதையொத்த பிற எல்லைக் கோயில்களின் பேராலும் தாய்லாந்தும் கம்போடியாவும் பலமுறை மோதின. 2025 ஜூலையில் ஐந்து நாட்களும், டிசம்பரில் மீண்டும் பீரங்கிகள் முழங்கின. இரண்டுமே பௌத்த நாடுகள் என்பதைக் கவனியுங்கள். வணங்குவதற்காகக் கட்டியது சண்டைக்குக் காரணமாவது அவர்களுக்கு மட்டுமே நேர்வதா? நமது ஊர்களில் ஒரு பள்ளிவாசலின் நிர்வாகத்துக்காக இரண்டு ஜமாஅத்தார் ஆண்டுக் கணக்கில் கோர்ட்டு ஏறுவதில்லையா? ஸமூதின் ஊரில் நாயகம் (ஸல்) அவர்கள் தலையைப் போர்த்திக் கொண்டது இப்போது நினைவுக்கு வருகிறதல்லவா?

சியம் ரீப் நகரிலேயே சாம் முஸ்லிம்கள் வாழும் பகுதி இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, அதைச் சுற்றி ஹலால் உணவுக் கடைகள் இருக்கின்றன. மூன்று நாட்கள் கோயில்களைச் சுற்றிவிட்டு, அந்தப் பள்ளிவாசலுக்கு ஒரு வக்து கூடப் போகாமல் விமானம் ஏறுகிற முஸ்லிம் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்வது? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செத்தவர்களின் கல்லைப் பார்க்கக் காசு கொடுத்தவர்கள், ஈமானுக்காகச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு ஸலாம் சொல்ல நேரமில்லை என்கிறார்கள். போங்கள். ஜமாஅத்தோடு தொழுங்கள். மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். ஸலாமுக்கும் ஆமீனுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அறுபதைக் கடந்த ஒரு முதியவரைப் பார்த்தால், அவர் அந்த மூன்றாண்டு எட்டு மாதங்களைக் கண்டவர் என்பதைப் பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவரிடம் அதைத் தோண்டிக் கேட்க வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. அங்கோருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாட்களுக்கு 62 டாலர். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குக் கணிசமான தொகையாகும். ஹஜ்ஜு கடமையாகியும் தள்ளிப் போட்டுக் கொண்டிருப்பவர், உடன்பிறந்தாளின் கடனைத் திருப்பிக் கொடுக்காதவர், இந்த நிய்யத்தை வைக்கு முன் தம் கணக்கைத் தாமே பார்த்துக் கொள்ளட்டும். கடமைகளை முடித்தவர் மனைவி மக்களை மகிழ்விப்பது ஆகுமான காரியம். அதை வீணென்று நான் சொல்ல மாட்டேன்.

கடைத்தெருவில் கல்லிலும் மரத்திலும் அப்சரஸ் உருவங்களும் புத்தர் தலைகளும் விற்பார்கள். உருவச் சிலைகளை வீட்டில் வைப்பது பற்றிய ஹதீஸ்கள் தெரிந்தவையே, வாங்க வேண்டாம். பழைய கல் என்று இரகசியமாக ஒருவன் காட்டினால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். அங்கோரில் தலையில்லாத சிலைகள் பல நிற்பதைப் பார்ப்பீர்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அவற்றை வெட்டி எல்லை கடத்தி, வெளிநாட்டுச் செல்வர்களின் கூடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே 2013இல் மண்டியிட்ட உருவங்கள் இரண்டைத் திருப்பிக் கொடுத்தது; பின்னரும் பல திரும்பின. அவை பிறரின் தெய்வ உருவங்கள்தானே என்பதற்காகத் திருட்டுப் பொருள் ஹலாலாகி விடாது. க்ரமா என்னும் கட்டம் போட்ட பருத்தித் துண்டு, பட்டு, கம்போட் மிளகு ஆகியவை நல்ல பொருள்கள். மிளகை வாங்கி வந்து உறவினருக்குக் கொடுங்கள்.

உடை விஷயத்தில் நமக்குச் சிரமமே இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்கோரின் விதி. அதற்காக மற்றவர்கள் வாயிலில் துணி தேடிக் கொண்டிருப்பார்கள்.

தொழுகைக்கு வருவோம். பயணிக்குக் கஸ்ரு உண்டு. நிபந்தனைகளின்படி ஜம்உ செய்வதற்கு ஷாஃபியீ மத்ஹபில் இடமுண்டு. வெயில் கடுமை, விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் கூடும். அந்த ஆசையில் சுப்ஹு தவறிவிடாமல், அறையிலேயே தொழுதுவிட்டுக் கிளம்புங்கள். பகலில் கோயில் மண்டபங்களுக்குள் தொழ வேண்டாம். பைத்துல் முகத்தஸில் தொழுகை நேரம் வந்தபோது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தேவாலயத்துக்குள் தொழ மறுத்து வெளியே வந்து தொழுதார்கள் என்றும், பின்னால் வரும் முஸ்லிம்கள் அதைக் காரணம் காட்டி அவ்விடத்தைக் கேட்டு விடலாகாது என்பதே அவர்களின் எண்ணம் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அகழிக்கு வெளியே மரங்களடர்ந்த புல்வெளி நிறைய இருக்கிறது. துப்புரவான ஓரிடத்தில் விரிப்பை விரித்துக் கொள்ளலாம்.

கிப்லா அங்கே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கெமர் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை. அங்கோர் வாட்டோ மேற்கு நோக்கி நிற்கிறது. திசை தேடித் தடுமாற வேண்டியதில்லை. அதன் தலைவாயில் பார்க்கும் பக்கம் திரும்பி, வலப்புறம் கொஞ்சம் சாய்ந்து கொள்ளுங்கள்.